டப்பாவில் வந்த மன அமைதி

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சுத்த சைவம். பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். ஆறேழு மாதமாக அம்மாவிடம் பழைய கலகலப்பு இல்லை. காரணமே இல்லாமல் அழுகிறார். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எஸ்சிடலோப்ராம் எழுதிக் கொடுத்து மூன்று வாரமாகிறது. இப்போது சித்தி மகன் ஒரு டப்பாவோடு வந்து, "இது வெறும் சத்து மாத்திரை, பக்கவிளைவே கிடையாது. இங்கிலீஷ் மருந்தை நிறுத்திடுங்க பெரியம்மா" என்கிறான். அஸ்வகந்தா, 5-எச்.டி.பி., வைட்டமின்கள் என்று அதில் போட்டிருக்கிறது. கொடுக்கலாமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: வேண்டாம். எஸ்சிடலோப்ராமோடு சேர்த்து நிச்சயமாக வேண்டாம்.

எஸ்சிடலோப்ராம், மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் பார்த்துக்கொள்கிறது. 5-எச்.டி.பி.யோ உடலுக்குள் போனதும் செரடோனினாகவே மாறுவது. இரண்டும் சேர்ந்தால் அளவு மீறிப் போய், கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எஸ்சிடலோப்ராமைத் திடுதிப்பென்று நிறுத்துவதும் தவறு. தலைசுற்றும், எரிச்சல் கூடும், தூக்கம் கெடும். இந்த மருந்தின் பலன் சரியாகத் தெரியவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். மூன்று வாரத்தில் கைவிடுவது அவசரம்.

அஸ்வகந்தா மன அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அது சர்க்கரையை இறக்கக்கூடும், தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும், அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. பக்கவிளைவே இல்லாத பொருளுக்குப் பெரும்பாலும் பலனும் இருக்காது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று சத்து மாத்திரைகளில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தம்பிக்கும் அந்த வரியைக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொன்று: சைவம், பல வருட மெட்ஃபார்மின், மறதி. வைட்டமின் பி12 குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்தச் சத்து இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் கிடைக்கிறது. காய்கறியில் இல்லை. மெட்ஃபார்மின் அதைக் குடல் உறிஞ்சுவதையும் குறைக்கிறது. இது 10 பேரில் ஒருவர் வரை பாதிக்கக்கூடிய பக்கவிளைவு என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் எச்சரித்தது. வயிற்று எரிச்சலுக்கு வருடக்கணக்கில் பேன்டோப்ரசோல் போடுகிறவர்களுக்கும் இதே கதை. பி12 குறைந்தால் சோர்வு, மறதி, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் வரும். பாதம் மரத்துப்போகும், எரியும். 'சர்க்கரையால் வந்த எரிச்சல்' என்று விட்டுவிடுவார்கள். அம்மாவிடம் பாதத்தைப் பற்றிக் கேளுங்கள்.

அதற்காக நீங்களாகவே ஏதாவது வைட்டமின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் நிறையக் கொடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். உங்கள் பக்கத்து ஆரோவில்லில் சுருள்பாசி வளர்க்கிறார்கள். சைவர்களுக்கு அதில் பி12 இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். புரதத்துக்குச் சாப்பிடலாம், பி12-க்கு நம்ப முடியாது.

குறை இருந்தால் அதை நிரப்புவது மனதுக்கும் நல்லது. குறையே இல்லாதவருக்குச் சத்து மாத்திரை மனதைத் தேற்றும் என்பதற்கு ஆதாரம் மெலிவு. அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 18,000-க்கும் மேற்பட்டோரிடம் சுமார் ஐந்து வருடம் நடந்த ஆய்வில் வைட்டமின் டி கொடுத்தும் மனச்சோர்வு வருவது குறையவில்லை. 2020-இல் முடிவு வெளியானது.

அடுத்த முறை முண்டியம்பாக்கம் போகும்போது டப்பாவையும் எடுத்துப் போங்கள். பி12, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை போடுகிறார் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவையே அது மாற்றிக் காட்டும். பி12 குறைவு என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ அவர்களே எழுதுவார்கள். எஸ்சிடலோப்ராமைத் தொடர்வதா குறைப்பதா என்பதையும் அந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இடையில் அம்மா "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரிப் பேசினால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.