பேர் வெட்டிய பிறகு ஏழு நாள்



இந்தப் பாடம் முக்கியமாக 50 வயது தாண்டியவர்களுக்கு. மற்றவர்களும் வாசிக்கலாம். அவர்களுக்கும் அந்த வயது வரத்தான் போகிறது.

செக்ரோலில் இருந்து பேர் வெட்டிய அடுத்த நாள் காலையில் என்ன செய்வீர்கள்? போன மாதம் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "தூங்குவேன்" என்றார் ஒருவர், எல்லோரும் சிரித்தார்கள். சரி, அதற்கு அடுத்த நாள்? அதற்கு அடுத்த மாதம்? யாரும் பதில் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். தோட்டத் தொழிற்சாலையில் 38 வருடம் பிட்டராக இருந்தவர். ரோலர் சத்தம் மாறினால் தூக்கத்திலேயே எழும்பிவிடுவார் என்று சொல்வோம். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 60 வயதில் ஓய்வு பெற்று, மனைவியோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் கட்டிக்கொண்டு போன ஊர் அம்பாறை மாவட்டத்தில் வீரமுனை.

கொஞ்ச நாள் முன்பு ஒரு பத்திரத்தில் அவரின் கையெழுத்து வேண்டியிருந்தது. நானே போனேன். பதுளையில் பஸ் ஏறி, பிபிலை, அம்பாறை தாண்டி இறங்கும்போது நம் மலைக் காற்றுக்குப் பழகின உடம்பு வெந்துபோகிறது. இரண்டு பக்கமும் வயல். சம்மாந்துறையை ஒட்டினாற்போல் இருக்கிறது வீரமுனை. ஒன்று பெரிய முஸ்லிம் ஊர், மற்றது சின்னத் தமிழ் ஊர்.

வீட்டில் அண்ணன் இல்லை. "அவர பாக்கணும்னா முன்கூட்டியே சொல்லிட்டு வரணும் தம்பி, மந்திரி மாதிரி ஆயிட்டாரு" என்றார் அண்ணி. அவர் சிரித்தாலும் அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் மூன்று மாதம் இப்படி இல்லையாம். அண்ணனே சொன்னார்:

"நாப்பது வருசமா சங்கு ஊதித்தான் எழும்பினேன். இங்க வந்து விடியக்காலம் கண்ண முழிச்சா சங்கு இல்ல. பள்ளிவாசல் பாங்கு கேக்குது, கோயில் மணி கேக்குது. எல்லாரும் எங்கயோ போறாங்க. எனக்குப் போக இடமில்ல. திண்ணையில குந்திக்கிட்டு ரோட்டையே பாப்பேன். சாப்பாடு எறங்காது. மகள் வீட்டுச் சோறுன்னு ஒரு கூச்சம் வேற. அந்த மூணு மாசத்துல நான் பாதியாப் போயிட்டேன் தம்பி."

இதை நன்றாகக் கவனியுங்கள். அவருக்குக் காசுக் கஷ்டம் இல்லை. சேமலாப நிதி வந்திருந்தது, சேவைக்காலப் பணமும் வந்திருந்தது. இருந்தும் சோறு இறங்கவில்லை.

நம் தோட்டங்களிலும் இதைப் பார்க்கிறோம். முழுக் காசையும் கையில் வாங்கி, ஆறு மாதத்தில் பாதியைக் குடித்தும் பாதியைக் கடன் கொடுத்தும் தொலைத்தவர்கள் உண்டு. அவர்களைக் குடிகாரர் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. வேலை நாளில் குடிக்காமல் இருந்த மனுசன் வேலை போன பிறகு ஏன் தொடங்கினார் என்று யோசிக்க வேண்டும். பகல் நீளம். அதைத் தள்ள வழி தெரியவில்லை. தனிமை மனதை மட்டுமல்ல, உடம்பையும் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமைக் கஷ்டம் இருக்கிறதாம். லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் ஆள் இருந்தாலும் தனிமை வரும்.

அண்ணனை எழுப்பிவிட்டது ஒரு தண்ணீர் மோட்டார். பக்கத்தில் பொது இடத்தில் ஒரு மோட்டார் பழுதாகி மூன்று வாரம் கிடந்தது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் போய், "ஒரு ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். பின்னேரம் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நாள் வாசலில் இரண்டு சைக்கிளும் ஒரு தையல் மெசினும் நின்றன. இப்போது ஊரில் சின்னப் பிள்ளைகூட "பிட்டர் மாமா" என்றுதான் கூப்பிடுகிறது.

இனி அவருடைய ஒரு வாரம்.

திங்கட்கிழமை சம்மாந்துறை ஆதார வைத்தியசாலைக்குப் போவார். தனக்குச் சீனி வருத்தத்துக்கு கிளினிக். போகும்போது ஊரில் கண் தெரியாத, வாசிக்கத் தெரியாத வயதானவர்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார். இலக்கம் எடுத்துக் கொடுப்பது, மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைப்பது, காலையில் எத்தனை, இரவில் எத்தனை என்று மருந்து உறையில் கோடு போட்டுக் காட்டுவது எல்லாம் அவர் வேலை. செவ்வாயும் புதனும் வாசலில் திருத்த வேலை. காசு வாங்குவதில்லை, சாமானுக்கு மட்டும் வாங்குகிறார். (இது சரியா என்று எனக்குச் சந்தேகம்தான். அந்த ஊரில் திருத்த வேலை செய்து பிழைக்கும் இளந்தாரிகள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பெரிய வேலையெல்லாம் அவர்களிடம் அனுப்பிவிடுகிறாராம்.)

வியாழக்கிழமை மரண உதவிச் சங்கத்துக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம்மிடமும் இந்தச் சங்கம் இருக்கிறது, அநேக இடங்களில் சண்டையும் இருக்கிறது. மாதம் சின்னச் சந்தா. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கே கையில் காசு, கதிரை, கூடாரம், பெரிய பானை எல்லாம் போய்ச் சேரவேண்டும். அண்ணன் சேர்ந்தபோது கணக்குப் புத்தகம் மாதக்கணக்கில் எழுதப்படாமல் கிடந்ததாம். யாரும் களவெடுக்கவில்லை, எழுத ஆளில்லை, அவ்வளவுதான். ஆனால் புத்தகம் எழுதாத இடத்தில் களவென்ற பேச்சு தானாக வரும். அவர் தொழிற்சாலையில் லொக் புத்தகம் எழுதிப் பழகினவர். ஒரு பக்கத்தில் வந்தது, மறுபக்கத்தில் போனது, கீழே இரண்டு பேர் கையெழுத்து. மாதம் ஒருமுறை சத்தமாக வாசிக்கிறார். சந்தா கட்டாமல் நின்றவர்கள் திரும்ப வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை என்னையும் சம்மாந்துறைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருக்கு ஒரு கூட்டாளி. நெல் குத்தும் மில்லைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு இருப்பவர், இவரைவிட மூத்தவர். அண்ணன் அவரைக் "காக்கா" என்கிறார். மில் பெல்ட்டைப் பற்றிப் பேசத் தொடங்கின பழக்கம். ஜும்மா முடிந்து வந்து காக்கா என்னிடம் கேட்டார்: "என்ன தம்பி, எங்கட பிட்டரக் கூட்டிக்கிட்டுப் போகவா மலையிலருந்து வந்த நீங்க? அது நடக்காது."

இந்த இடத்தில் ஊரின் பழைய காயத்தையும் சொல்லவேண்டும். 1990 ஆகஸ்ட் 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். மிஞ்சினவர்கள் ஊரை விட்டுப் போய் முகாம்களில் இருந்து, பிறகு திரும்பி வந்தவர்கள். அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கத்திலும் கண்ணால் கண்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அண்ணன் வெளியூர்க்காரர், அந்த நாளில் மலையில் இருந்தவர். அதனால்தானோ என்னவோ, அவருக்கு இரண்டு பக்கத்துக் கதவும் திறக்கிறது. அவர் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. பெல்ட்டைப் பற்றித்தான் பேசுகிறார்.

2024 நவம்பர் 26ஆம் திகதி, பெருவெள்ளத்தில், காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. செத்த பிள்ளைகள் சம்மாந்துறைப் பிள்ளைகள். அந்த வாரம் தன் வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு காக்காவோடு போய் இருந்ததாக அண்ணன் சொன்னார். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். "என்ன செய்ய முடியும் தம்பி? பக்கத்துல உக்காந்திருந்தேன்."

சனியும் ஞாயிறும் கோயில், மழைக்கு முன்னால் கான் வெட்டும் சிரமதானம், பேரப்பிள்ளைகள். சிரமதானம் நமக்குப் புதிதல்ல. ஏ. டி. ஆரியரத்ன 1958இல் தன் மாணவர்களோடு குருநாகல் மாவட்டத்தில் கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்தில் தொடங்கினதுதான் சர்வோதயம். அவர் 2024இல் 92 வயதில் இறக்கும்வரை அந்தப் பெயரோடுதான் இருந்தார்.

இப்போது அண்ணியின் கோபம். "அவருக்கு ரிட்டயர், எனக்கு எங்க ரிட்டயர்? கொழுந்து எடுத்த கை இப்ப பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுது" என்றார். நியாயம். பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். அதற்குப் பிறகு அவர்களை ஒருவரும் ஓய்வு பெற்றவராகப் பார்ப்பதில்லை, சம்பளமில்லாத பிள்ளைக் காம்பிரா ஆயாவாக்கி விடுகிறோம். அண்ணனிடம் இதை நான் நேரே சொன்னேன். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையை நீங்கள் வைத்துக்கொண்டு அண்ணியை வெளியே அனுப்புங்கள் என்றேன். தலையைச் சொறிந்தார். புதன்கிழமையைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

காசு விஷயமும் பாடத்தில் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகம் 12 வீதமும் போகிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகம் மட்டும் 3 வீதம். ஆண்கள் சேமலாப நிதியை எடுக்கும் வயது 55. சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி: ஐந்து வருடம் முடித்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் என்றால் 420 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கின சம்பளக் கணக்கில். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். பணம் இழுபடும் முக்கிய காரணம் பேர். அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் வேறொரு பேர். இதைக் கடைசி மாதத்தில் திருத்த ஓடாதீர்கள்.

60 வயதானால் பிரதேச செயலகம் மூலம் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி 60 வயதானவர் முதியவர். கிராம உத்தியோகத்தர் பிரிவில் முதியோர் சங்கமும் அமைக்கலாம். தோட்டத்தில் பென்சன்காரர் பத்துப் பேர் சேர்ந்தால் போய்க் கேட்கலாம், நான் கூட வருகிறேன்.

நான் திரும்பும்போது அண்ணன் சந்தி வரை வந்தார். பஸ் வரவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, கோவிச்சுக்காத. அங்க ஆள் காத்துக்கிட்டு இருக்கும்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

பயிற்சி: ஒரு தாளில் ஏழு கட்டம் போடுங்கள். பேர் வெட்டிய பிறகு ஒவ்வொரு நாளும் எங்கே போவீர்கள், யாருக்கு என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் கைக்கு என்ன வேலை தெரியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். கவ்வாத்து, கொத்துவேலை, சமையல், தாலாட்டு எதுவானாலும் சரி. அதில் ஒரு கட்டத்தை இந்த மாதமே செய்துபாருங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதலாம். கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் எழுதி, பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாளையும் அடையாள அட்டையையும் கொண்டுவாருங்கள். அன்றைக்கே பேர் சரியா என்று பார்த்துவிடலாம்.