எட்சிங்குக்கு முன் ஐந்து நிமிடம்: வீட்டிலேயே பிசிபி டெவலப் செய்வது எப்படி?

பெங்களூரில் பொம்மனஹள்ளியிலிருந்து எஸ்.பி. ரோட்டுக்குப் போவது இப்போது எளிது. 2025 ஆகஸ்ட்டில் திறந்த மஞ்சள் பாதை மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தால் போதும். காப்பர் கிளாட் போர்டும் ஃபெரிக் குளோரைடும் அங்கே கிடைக்கும். ஆனால் வீட்டில் செய்யும் போர்டு தேறுமா என்பது பெரும்பாலும் எட்சிங்குக்கு முந்தைய டெவலப்பிங்கிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் போர்டின் வகையைப் பார்க்க வேண்டும். பூச்சோடு விற்கப்படும் பாசிடிவ் போர்டில் ஒளி பட்ட இடம் கரையும். அதற்கு லிட்டர் தண்ணீருக்கு 7 முதல் 10 கிராம் காஸ்டிக் சோடா. நீல டிரை ஃபிலிம் ஒட்டியது நெகட்டிவ். ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும், மற்றது கரையும். அதற்குச் சலவைச் சோடா, லிட்டருக்கு 10 கிராம். இதில் காஸ்டிக் சோடாவைப் போட்டால் டிராக்குகளும் சேர்ந்தே உரிந்துவிடும்.

சலவைச் சோடா இல்லையா? ஆப்பச் சோடாவை எவர்சில்வர் சட்டியில் வறுக்கலாம். ஆவியும் கரியமில வாயுவும் வெளியேறும்போது, பால் கொதிப்பதுபோல் தூள் அசையும். அது அடங்கும்வரை கிளற வேண்டும். 16 கிராம் போட்டால் சுமார் 10 கிராம் மிஞ்சும்.

இனி டிரை ஃபிலிம் போர்டுக்கான படிகள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

1. போர்வெல் தண்ணீர் சோடாவோடு சேர்ந்தால் வெள்ளையாகக் கலங்கும். ஆர்.ஓ. தண்ணீரே நல்லது. சுமார் 30 டிகிரி வெதுவெதுப்பில், பிளாஸ்டிக் தட்டில் கரைக்கவும்.

2. யுவி வெளிச்சம் காட்டிய போர்டை 15 நிமிடம் இருட்டில் வைக்கவும். பிறகு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், மேலே உள்ள கண்ணாடித் தாளை உரிக்கவும். மூலையில் செலோடேப் ஒட்டி இழுத்தால் சுலபமாக வரும். புதியவர்கள் பலர் இதை உரிக்க மறந்து, ஃபிலிம் ஏன் கரையவில்லை என்று குழம்புவார்கள்.

3. கரைசலில் மூழ்கவைத்து மென்மையான பிரஷால் வருடவும். எங்காவது செம்பு முதலில் தெரியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். அது 45 விநாடி என்றால் இன்னும் 45 விநாடி விடவும்.

4. குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசவும். டிராக்குகளும் கழன்று வந்தால் யுவி வெளிச்சம் போதவில்லை. இடைவெளியில் ஃபிலிம் கரையாமல் நின்றால் அங்கேயும் வெளிச்சம் கசிந்திருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. போர்டை ஃபெரிக் குளோரைடில் 10 விநாடி முக்கி எடுத்து அலசிப் பார்க்கவும். வெறும் செம்பு பளபளப்பு போய் மங்கியிருக்கும். எங்காவது இன்னும் மினுங்கினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. மீண்டும் டெவலப்பரில் 20 விநாடி விட்டு அலச வேண்டும். டிராக்குகளுக்கு இடையே எல்லா இடமும் ஒரே சீராக மங்கியபின் எட்சிங்கைத் தொடரலாம்.