ஈரக்கைக்கு எட்டாத சுவிட்சு



குழுக் கடனில் குளியலறை கட்டியவர்களும் கட்டப் போகிறவர்களும் நம்மில் பலர். தரைக்கு எந்த டைல்ஸ், கதவு எந்தப் பக்கம் என்றெல்லாம் பலமுறை யோசிக்கிறோம். லைட் சுவிட்சும் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சும் எங்கே வரவேண்டும் என்று கேட்டால் மட்டும், "அதை வயர்மேன் பார்த்துக்குவாரு" என்று விட்டுவிடுகிறோம். தினமும் அந்தச் சுவிட்சைத் தொடப் போவது நாமும் நம் பிள்ளைகளும் வீட்டுப் பெரியவர்களும்தானே? அதனால் அது எங்கே இருக்கவேண்டும் என்று நாம்தான் சொல்லவேண்டும்.

ஈரம் ஏன் ஆபத்து?

நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். காய்ந்த தோல் கரண்டை ஓரளவு தடுக்கும். தோல் நனைந்துவிட்டால் அந்தத் தடை வெகுவாகக் குறைந்துவிடும். குளிக்கும்போது உடம்பு முழுக்க ஈரம், வெறுங்கால், காலடியில் நனைந்த தரை. மற்ற நேரத்தில் 'சுரீர்' என்று அடித்துவிட்டுப் போகும் ஷாக், குளியலறையில் உயிரையே எடுத்துவிடலாம்.

சுவிட்சு எங்கே இருக்கவேண்டும்?

1. குளியலறைக்கு வெளியே, கதவு திறக்கும் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து நாலு அடி உயரத்தில். சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். குளித்து, கை துடைத்து, வெளியே வந்து அணைக்கவேண்டும்.

2. கொல்லைப்புறத்தில் தனியாகக் கட்டிய குளியலறை என்றால், வெளிச்சுவரில் சுவிட்சு வைத்தால் மழைச்சாரல் அடிக்கும். வீட்டின் பின்வாசலுக்கு உள்பக்கம் வைப்பது நல்லது. கொஞ்சம் வயரும் பைப்பும் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

3. சுவிட்சு வெளியே இருந்தால் உள்ளே ஃபேன் ஓடுவது மறந்துபோகும். சுவிட்சுப் பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு வைக்கச் சொல்லுங்கள். ஃபேன் ஓடும்வரை அது எரியும்.

சுவர் பூசிய பிறகு இடம் மாற்றினால் உடைத்துப் பூசுகிற செலவு. அதனால் பூச்சு வேலைக்கு முன்பே சுவரில் கரியால் குறி போட்டு, "இங்கேதான் வேணும்" என்று காட்டிவிடுங்கள்.

ஃபேன் தேவையா?

காற்று நன்றாக வந்துபோகும் ஜன்னல் இருந்தால் ஃபேன் அவசியமில்லை. ஜன்னல் இல்லாத சின்ன அறையில்தான் ஆவி தங்கி, சுவரில் பூஞ்சை பிடிக்கும். அங்கே கதவுக்கு எதிர்ச்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, தண்ணீர் தெறிக்காத இடத்தில் ஃபேன் வைக்கவேண்டும். கதவுக்கு அடியில் சிறிது இடைவெளி இருந்தால்தான் புதுக்காற்று உள்ளே வரும். குளித்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். 40 வாட் ஃபேன் 25 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட் ஆகும். ஃபேனைத் துடைக்கும்போது மெயினை அணைத்துவிட்டுத் துடையுங்கள்.

உயிர் காக்கும் கருவி

"எங்க வீட்ல ஃபியூஸ் இருக்கு, பயமில்லை" என்பார்கள். ஃபியூஸ் வயர் எரியாமல்தான் காக்கும். நம் உடம்பு வழியாகப் பாயும் சிறு அளவு கரண்டுக்கு அது போகாது. அதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. 30 மில்லி ஆம்பியர் வகையைக் கேட்டு வாங்கி மெயின் பலகையில் பொருத்தினால், அந்த அளவுக்குக் கரண்ட் கசிந்ததுமே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்றொரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கரண்ட் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் உடனே மாற்றவேண்டும். எர்த் கம்பியும் சரியாக இருக்கவேண்டும். வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம்தான் கொடுக்கவேண்டும்.

வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியைக் குளியலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். "தண்ணி சுட்டிருச்சா" என்று விரல் விட்டுப் பார்க்கும் முன், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடவேண்டும்.

ஷாக் அடித்துவிட்டால்

பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த பலகைமேல் நின்று காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். உடனே 108-க்கு அழையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* நம் வீட்டில் ஈரக்கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்சு இருக்கிறதா?
* எத்தனை பேர் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது? கடைசியாக எப்போது சோதித்தோம்?
* குளியலறை கட்டக் கடன் கேட்கும் உறுப்பினரிடம், வயரிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்கிறோமா?

அடுத்த கூட்டத்துக்கு வருவதற்குள் ஒவ்வொருவரும் நம் வீட்டுச் சுவிட்சை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்.