மாட்டு மருந்தும் பாறுகளின் அழிவும்

கிராமத்தில் மாடு இறந்தால் அதன் உடலை ஊர்ப்புறத்தில் இடுவதும், பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக இறங்கி எலும்பு மாத்திரம் மிஞ்சும்படி அதைத் தின்று தீர்ப்பதும் முற்காலத்தில் சாதாரணக் காட்சியாக இருந்தன. கூலியின்றி ஊரைச் சுத்தி செய்து வந்த இப்பட்சிகள் இன்று பெரும்பாலான ஜில்லாக்களில் காணப்படுவதில்லை. அவை அழிந்த விதமும், கால்நடை வளர்ப்போர் இதில் செய்யற்பாலனவும் கீழே கூறப்படுகின்றன.

அழிவும் அதன் காரணமும்

இந்தியாவில் 1992 முதல் 2007 வரையுள்ள பதினைந்து ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறு ஏறக்குறைய ஆயிரத்திற்கு ஒன்று என்னும் அளவிற்குக் குறைந்து போயிற்று. முதலில் இது ஏதோ தொற்று வியாதியென்று எண்ணப்பட்டது. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்துச் சோதித்தபொழுது, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படிவு காணப்பட்டது. மூத்திரக் கோளங்கள் கெட்டு, வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளேயே தங்கியதால் அது உண்டாயிற்று. இதற்குக் காரணம் வீக்கத்திற்கும் நோவிற்கும் மாடுகளுக்குக் குத்தப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே என்பது 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இரு வகை நஞ்சு

பட்சிகளைச் சேரும் நஞ்சுகள் யாவும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. டி.டி.டி. போன்றவை கொழுப்பில் தங்கிச் சிறிது சிறிதாகச் சேர்பவை. பூச்சியைத் தின்ற சிறு குருவியிலும், அக்குருவிகள் பலவற்றைத் தின்ற வல்லூறிலும் அவை படிப்படியாக மிகுந்து, முட்டையோட்டை மெலியச் செய்து, அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே முட்டை நொறுங்கும்படி செய்தன. அமெரிக்காவில் 1972-லும், இந்திய விவசாயத்தில் 1989-லும் டி.டி.டி. விலக்கப்பட்டது.

டைக்ளோஃபினாக்கோ நெடுநாள் தங்குவதன்று. மாட்டின் உடலில் சில நாட்களே இருக்கும். ஆயினும் அந்நாட்களுக்குள் மாடு இறந்து விட்டால், அதன் இறைச்சியை ஒரு வேளை உண்பதே பாறு மடிவதற்குப் போதுமானது. ஒரு பிணத்தைப் பல பாறுகள் சூழ்ந்து உண்பதால் ஒரு மாட்டினால் ஒரு கூட்டமே அழியக்கூடும். நூறு பிணங்களில் ஒன்றிற்கும் குறைவாக இம்மருந்து இருந்தாலும் கண்ட அழிவு முழுவதும் நேரிடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. பாறு ஆண்டிற்கு ஒரு முட்டையே இடுவது. குஞ்சு வளர்ந்து இனம் பெருக்கச் சுமார் ஐந்து ஆண்டு செல்லும். ஆதலால் இழந்ததை விரைவில் ஈடு செய்ய அதற்கு இயலாது.

குடியானவருக்கு நஷ்டம்

பாறு நீங்கிய இடத்தில் பிணங்கள் அழுகிக் கிடக்கின்றன. தெருநாய்கள் அவற்றைத் தின்று பெருகுகின்றன. நாய் பெருகினால் வெறிநாய்க்கடி மனிதருக்கும் மாட்டிற்கும் மிகுதியாக நேரிடும்.

சர்க்கார் தடைகள்

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் உபயோகிப்பது இந்தியாவில் 2006-ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது. மனிதருக்கான பெரிய புட்டிகள் மாட்டிற்குத் திருப்பப்பட்டமையால், 2015-ல் ஊசிமருந்துப் புட்டியின் அளவு 3 மில்லி லிட்டருக்கு மேற்படலாகாது என்று விதிக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய இரண்டும் 2023-ல் கால்நடைகளுக்கு விலக்கப்பட்டன.

செய்ய வேண்டுவன

1. மாட்டின் நோவைத் தீர்க்க விரும்புவது நியாயமே. அதற்கு மெலாக்சிகாம், டோல்ஃபினாமிக் அமிலம் என்னும் மருந்துகள் உள்ளன; அவை பாறுகளுக்குத் தீங்கற்றவை. கால்நடை வைத்தியரிடம் இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

2. மனிதருக்கென விற்கும் ஊசிமருந்தை வாங்கி மாட்டிற்குக் குத்துதல் கூடாது.

3. மருந்து குத்தப்பட்ட நாளையும் அதன் பெயரையும் குறித்து வைத்தல் நலம். விலக்கப்பட்ட மருந்து பெற்ற மாடு சில நாட்களில் இறந்தால், அதை வெளியில் இடாது ஆழப் புதைக்க வேண்டும். அடைப்பான் நோயால் இறந்ததை எக்காரணத்தாலும் அறுக்காமல் புதைக்க வேண்டும்.

4. புலி, சிறுத்தை அல்லது நாயைக் கொல்லக் கருதிச் செத்த மாட்டில் விஷம் வைப்பது குற்றமாவதோடு, முதலில் பாறுகளையே கொல்லும்.

தென்னாட்டில் மிஞ்சியுள்ள பாறுகளுள் முக்கியமான ஒரு கூட்டம் நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றது. ஆற்றங்கரையின் உயர்ந்த மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. காட்டை எவ்வளவு காவல் செய்தாலும், இரைதேடி நெடுந்தூரம் பறக்கும் இப்பட்சிகளை அதனால் மாத்திரம் காத்துவிட முடியாது. அவை இறங்கும் பிணம் எந்தத் தொழுவத்திலிருந்து வந்தது, அங்கே எந்த மருந்து குத்தப்பட்டது என்பதைப் பொறுத்தே அவற்றின் உயிர் நிற்கின்றது. ஆகவே சரியான மருந்தைக் கேட்டு வாங்கும் ஒவ்வொரு குடியானவரும் தம் மாட்டுடன் அவற்றையும் காத்தவராவர்.