மாட்ட முடிகிறது என்பதற்காக வாங்காதே

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய பட்டியலை நிதானமாகப் படித்தேன். ரைசன் 5 5600 பிராசசர், ஏ520 மதர்போர்டு, டிடிஆர்5 ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ். முதல் கேமிங் கணினியை உன் கையாலேயே அசெம்பிள் செய்யப் போகிறாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதனால்தான் இந்தப் பட்டியலோடு உன்னைக் கடைக்கு அனுப்ப மனம் வரவில்லை.

ரேமில் இருக்கும் தவறைப் பற்றிக் கவலையில்லை. ஏ520 போர்டு டிடிஆர்4 ரேமை மட்டுமே ஏற்கும். இரண்டு வகை ரேமுக்கும் 288 பின்கள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் டிடிஆர்5 அதில் உட்காரவே உட்காராது. கடைக்காரரே சொல்லி மாற்றிக் கொடுத்துவிடுவார். உட்காராத பொருள் தன் குறையைத் தானே காட்டிவிடும். சொகுசாக உட்கார்ந்து, திரையில் படமும் காட்டி, மாதக்கணக்கில் உன்னை ஏமாற்றுகிற பொருத்தங்கள்தான் நீ கண்டுபிடிக்கக் கற்க வேண்டியவை.

உன் கிராபிக்ஸ் கார்டு அப்படிப்பட்டது. பார்க்க முழு நீள கார்டு, முழு நீள ஸ்லாட்டில் மாட்டும். ஆனால் 6500 எக்ஸ்டி அந்த ஸ்லாட்டின் 16 பாதைகளில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 போர்டில் அந்த நான்கு பாதைகள் நொடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும். ஏ520 போர்டோ பிசிஐஇ 3.0 வரைதான் போகும், எந்தப் பிராசசரை வைத்தாலும். அங்கே வேகம் பாதியாகிவிடும். இந்தக் கார்டில் இருக்கும் நினைவகமும் 4 ஜிபிதான். இன்றைய விளையாட்டுகள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டியதும், மிச்சத்தை ரேமில் வைத்து அந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் இழுக்க வேண்டும். விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். நீ டிரைவரைச் சந்தேகிப்பாய், விண்டோஸை மறுபடி நிறுவிப் பார்ப்பாய். எந்தப் பொருளும் பழுதாகியிருக்காது.

ஆர்எக்ஸ் 6600 கிடைத்தால் அதை எடு. எட்டுப் பாதை, 8 ஜிபி நினைவகம். ஏ520 போர்டிலும் நன்றாகவே ஓடும். விலை கூடுதல், தெரியும். அந்தப் பணத்தைப் பிராசசரில் பிடி: 5600-க்குப் பதில் 5500 போதும். 5500 பிசிஐஇ 3.0 மட்டுமே தரும் என்பது அதன் குறை. உன் போர்டே 3.0 என்பதால் உனக்கு அதில் இழப்பில்லை. 1080பி திரையில் விளையாடப் போகிற உனக்குக் கார்டில் போடும் ரூபாய்தான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு பிராசசர்களிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. இப்போது பிராசசர், போர்டு மட்டும் வாங்கிவிட்டு, கார்டுக்கு ஆறு மாதம் சேமிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் 5600ஜி எடுக்க வேண்டும். இன்டெல் பக்கம் போனால் இதே கதை எஃப் என்ற எழுத்தில் இருக்கும்: 12100 என்றால் படம் வரும், 12100எஃப் என்றால் வராது.

அடுத்தது பயாஸ். ஏ520 வகை போர்டுகள் 2020 ஆகஸ்டில் வந்தவை. உன் பட்டியலில் உள்ள 5600, நான் சொல்லும் 5500, இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை. கடை அலமாரியில் நெடுநாள் கிடந்த போர்டுக்கு இந்தப் பிராசசர்களை அடையாளம் தெரியாமல் போகலாம். சாக்கெட் ஏஎம்4 என்று ஒன்றாகவே இருக்கும், பிராசசரும் அழகாக இறங்கும், விசிறி சுற்றும், திரை மட்டும் கருப்பாகவே நிற்கும். இன்டெல்லின் பழைய 1151 சாக்கெட்டில் இது இன்னும் மோசம். 2017-ல் வந்த எட்டாம் தலைமுறைப் பிராசசர், முந்தைய தலைமுறைப் போர்டின் சாக்கெட்டில் அப்படியே உட்காரும், ஆனால் வேலை செய்யாது. செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் இதில் இன்றும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே சாக்கெட் பெயரோடு நின்றுவிடாதே. போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உன் மாடலுக்கான பிராசசர் பட்டியல் இருக்கும். எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கும் என்பதும் அதிலேயே இருக்கும். பயாஸ் பதிப்பை உறுதிசெய்து தரும்படி பணம் கொடுப்பதற்கு முன்பே கடையில் கேள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ரேமை 8 ஜிபி இரண்டாக வாங்கு. ஒரே 16 ஜிபி ஸ்டிக் என்றால் இரட்டைச் சேனல் கிடைக்காது. 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது என்பதால் ஒன்றை இப்போது, இன்னொன்றைப் பிறகு என்று தோன்றும். முடிந்தவரை ஜோடியாகவே எடு. மாட்டியபின் பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கிவிடு. இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ரேம் 2133-லோ 2400-லோ தூங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கேபினட்டோடு இலவசமாக வருவதை அதன் அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடு. அதன் லேபிளில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். நீ பார்க்க வேண்டியது 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே உள்ள ஆம்பியர். அங்கே 18 என்று இருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்கு: 216 வாட். பிராசசருக்கும் கார்டுக்கும் போவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்தான். உன் பிராசசர் 65 வாட், 6600 கார்டு 132 வாட். விசிறிகளையும் கணநேர ஏற்றங்களையும் சேர்த்தால் அந்தப் பெட்டி திணறும். நேர்மையாக 450 முதல் 550 வாட் தரும் ஒன்று உனக்குத் தாராளம், 750 தேவையே இல்லை. 80 பிளஸ் முத்திரை நல்லது, ஆனால் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்லும். மின்னழுத்தம் எகிறும்போது உன் போர்டைக் காப்பாற்றுமா என்று சொல்லாது. அதற்கு, அந்த மாடலைப் பிரித்துச் சோதித்தவர்களின் மதிப்புரையைத் தேடிப் படி. ஐந்து வருட வாரண்டி தருவதாகப் பார்.

அதன் கேபிள்களிலும் ஒரு கண்ணி உண்டு. பிராசசருக்கான எட்டுப் பின் கேபிளும் கார்டுக்கான எட்டுப் பின் கேபிளும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே 12 வோல்ட் வரும் பக்கமும் கிரவுண்டு பக்கமும் தலைகீழ். எளிதாக இறங்கவில்லை என்றால் அழுத்தாதே, கேபிளின் மேல் எழுதியிருப்பதைப் படி. கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு பெட்டியின் கேபிளை அதில் செருகவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்க முனையின் இணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செருக முடியும், எஸ்எஸ்டி எரிந்தும் போகும்.

மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருவது உனக்குத் தெரியும். யூபிஎஸ் வாங்கினால் விஏ-வைப் பார்க்காதே, வாட்டைப் பார். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான், மானிட்டரும் அதில் அடங்க வேண்டும். பழைய வீடு என்றால் பிளக்கின் மூன்றாவது துளைக்கு உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடு.

பழைய கார்டு வாங்கும் யோசனை வந்தால், 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முடிந்ததும் இரவும் பகலும் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன என்பதை நினைவில் வை. ஓடியது மட்டும் குற்றமில்லை. விசிறியும் நினைவகமும் தேறுகிறதா என்று கண்ணெதிரே ஒரு விளையாட்டை அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதிய போலிகளும் உண்டு. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பொருள்கள் வாங்க ரிச்சி தெருக் கடைகளுக்குப் போகும்போது கடைசி நேர மாற்றத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதே. "அந்த போர்டு ஸ்டாக் இல்லம்மா, இதுவும் அதேதான்" என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். சொல்கிறவர் நல்லெண்ணத்திலேயே சொல்லலாம். ஆனால் போர்டு மாறினால் பிராசசர், ரேம், கார்டு, கேபினட் அளவு எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் அன்று வாங்காமல் திரும்பி வந்துவிடு. வாங்கினால் சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

அசெம்பிள் செய்யும் நாளில் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் பூட்டாதே. மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசசர், கூலர், ரேம், கார்டு, எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து ஒருமுறை ஆன் செய்து பார். பிராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் அது தானாக இறங்கும். அடியில் 1331 மெல்லிய பின்கள் இருக்கின்றன, விரலால் அழுத்தாதே. மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகு, மதர்போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐயில் அல்ல. படம் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி, க்ளிக் என்று சத்தம் வரும்வரை மறுபடி மாட்டு. அப்போதும் வரவில்லை என்றால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அண்ணன்