நாற்பது நாளும் நாற்பத்தோராம் நாளும்



தபசுகாலம் வந்தால் நம் குத்துக்கல்வலசையிலும் சுற்று ஊர்களிலும் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. வருஷமெல்லாம் குடிக்கிறவர்களில் பலர் விபூதித் திருநாளன்று சாம்பல் பூசிக்கொண்டு, நாற்பது நாளும் கடைப்பக்கம் போவதில்லை. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களும் அப்படியே. நம் அயலாராகிய இந்து சகோதரர் கார்த்திகையில் மாலை போட்டு, குற்றாலத்தில் நீராடி, மலைக்குப் போய்வரும் மட்டும் ஒரு மண்டலம் சுத்தமாயிருக்கிறார்கள். அந்நாட்களில் வீட்டில் சண்டையில்லை. தாய் பீடி சுற்றிச் சேர்த்த கூலி தாயிடமே இருக்கிறது. பிள்ளைகள் தகப்பனிடம் பயமின்றிப் பேசுகிறார்கள். ஆனால் பாஸ்கு ஞாயிறு விடிந்ததும் என்ன நடக்கிறதென்பது தாய்மார்களாகிய உங்களுக்குத் தெரியும்.

விசுவாசம் நாற்பது நாள் ஒருவனைக் காப்பாற்றுமானால், நாற்பத்தோராம் நாள் ஏன் காப்பாற்றவில்லை? இவ்வாரப் பாடம் இதுவே.

1. விரதம் வேறு, மனந்திரும்புதல் வேறு

விரதத்துக்கு முடிவு தேதி உண்டு. குடியை விடாமல், அதைத் தள்ளிமட்டும் வைத்தவன் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறான். "நான் நினைத்தால் நிறுத்துவேன், நாற்பது நாள் பார்த்தீர்களே" என்று தன் விரதத்தையே தன் குடிக்குச் சாட்சியாக நிறுத்துகிறான். சில நாள் தொடாமலிருக்க முடிகிறதா என்பதல்ல பரீட்சை. தொட்ட பின் அளவோடு நிறுத்த முடிகிறதா என்பதே பரீட்சை. முடியாதென்றால், அவனுக்கு வேண்டியது தவணையல்ல, சிகிச்சையும் மனமாற்றமும்.

2. சட்டம் மட்டும் போதுமா?

1937-ல் இராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுதுக்கும் வந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளை அரசாங்க நிறுவனமே நடத்துகிறது. கடை கூடினால் சோதனை கூடும் என்பது மெய்; கடை குறைய வேண்டுமென்று கேட்பதும் நியாயமே. ஆனாலும் மதுவிலக்கு இருந்த காலத்திலும் திருட்டுச் சாராயம் காய்ச்சினார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. கடையை அடைக்கச் சட்டத்தால் கூடும். உள்ளத்தின் தாகத்தை அடைக்க அதனால் கூடாது.

3. பாவமா, நோயா?

இரண்டும் உண்டு. அறிந்து மனம்பொருந்தி மதிமயங்கக் குடிப்பது கனமான பாவமென்று திருச்சபை போதிக்கிறது. அந்த வழக்கமே முற்றி, மூளையையும் திரேகத்தையும் பிடித்துக்கொள்ளும்போது அது நோயாகிறது. அமெரிக்க வைத்தியச் சங்கம் 1956-லேயே இதை நோயென்று ஏற்றது. நோய் மனிதனுடைய சுயாதீனத்தைக் குறைக்கிறது. ஆனால் மருந்தைத் தேடும் கடமையை எடுத்துப்போடுவதில்லை. அர்ச். சின்னப்பரும் உரோமையருக்கு எழுதிய நிருபம் 7-ம் அதிகாரத்தில், விரும்பிய நன்மையைச் செய்ய மாட்டாமல் தவிக்கும் மனிதனைக் காட்டி, சேசுநாதரிடத்தில் அவனுக்கு விடுதலையையும் காட்டுகிறார். ஆகையால் குடிகாரனைப் பழிப்பதும் வேண்டாம், அவனுக்குச் சாக்குச் சொல்லிக் கொடுப்பதும் வேண்டாம்.

4. ஒரு கூலியாளின் உதாரணம்

அயர்லாந்து தேசத்தில் டப்ளின் பட்டணத்தில் 1856-ல் பிறந்தவர் மாத் டால்பட். பன்னிரண்டாம் வயதில் மதுவியாபாரியிடம் வேலைக்குப் போய்க் குடிக்கப் பழகினார். 1884-ல் ஒருநாள் கையில் காசின்றிக் கடை வாசலில் நின்றார். அதுவரை தம் காசில் குடித்த கூட்டாளிகள் ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. வீடு திரும்பினார், அன்றே போய், இனிக் குடிப்பதில்லையென்று வார்த்தைப்பாடு கொடுத்தார்.

எத்தனை காலத்துக்கு? மூன்று மாதத்துக்குத்தான்! நம்மவரின் நாற்பது நாளைப்போல அதுவும் ஒரு தவணையே. ஆனால் அந்தத் தவணைக்குள் அவர் தம் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். தினமும் விடியற்காலைப் பூசை கண்டார். அடிக்கடி பாவசங்கீர்த்தனம் செய்தார். கையில் காசு வைத்துக்கொள்வதை விட்டார். பழைய கடன்களைத் தேடித் தேடி அடைத்தார். தவணை முடிந்ததும் புதுப்பித்தார், பின் ஆயுளுக்கும் கொடுத்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் தொடவில்லை. 1925 ஜூன் 7-ந் தேதி பூசைக்குப் போகும் வழியில் மரித்தார். 1975-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் அவரை வணக்கத்துக்குரியவரென்று அறிவித்தார்.

5. இன்று ஒரு நாள்

1935-ல் அமெரிக்காவில் அக்ரன் பட்டணத்தில் இரண்டு குடிநோயாளர் ஒருவருக்கொருவர் துணைநின்று, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் கூட்டத்தைத் தொடங்கினார்கள். தன் பலத்தால் முடியாதென்று ஒப்புக்கொள்வது, தன்னிலும் மேலான வல்லமையை நம்புவது, குற்றத்தை மறைக்காமல் ஒருவரிடம் சொல்வது, கெடுதி செய்தவர்களுக்குப் பரிகாரம் செய்வது ஆகியவை அவர்களுடைய படிகள். நமது பாவசங்கீர்த்தனத்தை அறிந்தவர்களுக்கு இவை புதியவையல்ல. அவர்கள் நாற்பது நாளுக்கும் சபதம் செய்வதில்லை, ஆயுளுக்கும் செய்வதில்லை. இன்று ஒரு நாள் குடிப்பதில்லை என்கிறார்கள். சேசுநாதரும் அன்றன்றுள்ள அப்பத்தைத்தானே கேட்கக் கற்பித்தார்! தமிழ்நாட்டிலும் இக்கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன.

அதே அக்ரனில் இஞ்ஞாசியா என்னும் கன்னியாஸ்திரி 1939 முதல் மருத்துவமனையில் குடிநோயாளரைச் சேர்த்துப் பராமரித்தார். வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவருக்கும் திரு இருதயப் பட்டயம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிப்பதானால், குடிக்குமுன் இதைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்பார். கழற்றும் தேதி குறித்த மாலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

6. குடும்பத்தார் கவனிக்க

நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை அறையில் பூட்டி வைக்காதீர்கள். செபமும் செய்யுங்கள், தென்காசி அரசு மருத்துவமனைக்கும் அழைத்துப் போங்கள். வைத்தியனைப் படைத்தவரும் சர்வேசுரனே. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம் நோயாளியோடு குடும்பத்துக்கும் புத்திமதி சொல்கிறது. வீடும் சேர்ந்து குணமாகவேண்டும். ஆலோசனைக்கு 14446 என்ற இலவசத் தொலைபேசி உண்டு.

போதையிலிருப்பவரோடு வாதாட வேண்டாம். பிள்ளை தலையிலடித்துச் சத்தியம் வாங்க வேண்டாம். கடைக்கடனை நீங்கள் அடைக்க வேண்டாம். அடி வாங்கிக்கொண்டிருப்பது பொறுமையென்னும் புண்ணியமல்ல. 181-க்குச் சொல்லுங்கள், பங்குச் சாமியாரிடமும் சொல்லுங்கள். திருந்தியவர் மறுபடி விழுந்தால், "உன் யோக்கியதை இவ்வளவுதான்" என்று சொல்லாதீர்கள். விழுந்த அன்றே எழும்பப் பண்ணுங்கள். சாரல் காலத்திலும், கலியாண வீட்டிலும், கிறிஸ்துமஸ் திராட்சை ரசத்திலும் "ஒரு வாய்தானே" என்று அவரை வற்புறுத்துகிறவன் அவருடைய ஆத்துமத்துக்கு உத்தரவாதி.

இவ்வாரத் தீர்மானம்: நாற்பத்தோராம் நாளுக்குப் பயப்படுகிற சகோதரனே, இன்று ஒரு நாளைக்கு ஆண்டவரிடம் கேள். சனிக்கிழமை கூலியை வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போய் மனைவி கையில் கொடு. ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் செய். ஒவ்வொரு குடும்பமும் இரவு செபமாலையில் ஒரு அருள்நிறை மந்திரத்தை, நம் ஊரில் குடியோடு போராடுகிற ஒருவருக்காக, அவர் பெயரை வெளியே சொல்லாமல் ஒப்புக்கொடுப்பதாக.