பழைய ஆல்டோ காலையில் அடம் பிடித்தால்?

கேள்வி: 1,40,000 கி.மீ. ஓடிய பழைய மாருதி ஆல்டோ. காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஏசி போட்டு சாத்தூர் ரோட்டில் போனால் மிஸ்ஸிங். ஸ்பார்க் பிளக் மாற்றினால் சரியாகுமா? (சிவகாசி வாசகர்)

பதில்: முதலில் பார்க்க வேண்டியது பிளக்தான், செலவும் குறைவு. ஆல்டோவின் 796 சிசி இன்ஜினில் மூன்றே சிலிண்டர்கள். ஒரு பிளக் சோர்ந்தாலும் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும்.

சாதாரண நிக்கல் பிளக் சுமார் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும், இரிடியம் ஏறக்குறைய ஒரு லட்சம். முனை தேயத் தேய இடைவெளி அகலும். அதைத் தாண்ட காயில் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டியிருப்பதால் அதுவும் சீக்கிரம் களைத்துவிடும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இன்ஜினின் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. வெளிர் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. கரிசல் புழுதி அடைத்த ஏர் ஃபில்டரும் காரணமாகலாம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். அங்கே புது பிளக் சில நாள் ஒப்பேற்றும், அவ்வளவுதான்.

மாற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் திருகினால் மரை போய்விடும். குழியிலுள்ள தூசியை ஊதிவிட்டு, புது பிளக்கைக் கையாலேயே மரையேற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் பிடிக்கலாம்.

வயரை உருவி பாடியில் காட்டி ‘பொறி வருதா’ என்று பார்க்கும் பழக்கம் சில மெக்கானிக்குகளுக்கு உண்டு. இரும்புக் கருவியைக்கூடத் தவிர்க்கும் பட்டாசு ஆலை, குடோன் பக்கம் வண்டி நின்றால் அந்த வேலையே கூடாது. தள்ளிக்கொண்டு போய்விடுவது உத்தமம்.